உப்புத் தண்ணீரில் நின்ற நாய்

1856-ஆம் ஆண்டு. ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ஆல்பர்ட் கோலிகர், ஹைன்ரிஷ் முல்லர் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஒரு தவளையை அறுத்து வைத்திருந்தார்கள். திறந்து கிடந்த அதன் இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு தவளையின் காலிலிருந்து தசையை நரம்போடு சேர்த்து வெட்டியெடுத்து, அந்த நரம்பின் நுனி துடிக்கும் இதயத்தின்மேல் படும்படி போட்டார்கள். உடனே, எந்த உடம்போடும் ஒட்டாத அந்தக் கால் வெட்டி இழுத்தது. இதயம் சுருங்கச் சுருங்கக் காலும் இழுத்தது. கூர்ந்து பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கால் இழுத்தது இதயம் சுருங்கிய பிறகு அல்ல. அதற்கு ஒரு கணம் முன்னால்.

தவளைக்கால் மின்சாரம் பட்டால் துள்ளும் என்பது கால்வானி என்ற விஞ்ஞானியின் காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி. ஆக, ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் இதயத்தில் ஒரு சொட்டு மின்சாரம் பிறக்கிறது என்பது உறுதியாயிற்று. மனித இதயத்திலும் அது இருக்க வேண்டும். ஆனால் அதைப் பார்ப்பது எப்படி? உயிருள்ள மனிதனின் நெஞ்சைப் பிளந்து உள்ளே தவளைக்காலைப் போட முடியாது. தோலுக்கு வெளியே வந்து சேரும் மின்சாரமோ ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அன்றைக்கு டாக்டர்களின் கையில் இருந்தவை நாடி பார்க்கும் விரலும் ஸ்டெத்தாஸ்கோப்பும் மட்டுமே. இந்தக் கதையில் இனி வரப்போகும் சாமான்களில் அநேகம் இதயத்துக்காகப் பிறந்தவை அல்ல. அவை வேறு வேறு தொழில்களிலிருந்து வந்த இரவல். முதல் இரவல் இயற்பியல்காரர் ஒருவரிடமிருந்து வந்தது.

கப்ரியேல் லிப்மன் என்ற அந்தப் பிரெஞ்சு இளைஞர் 1870-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு வேடிக்கையைக் கவனித்தார். மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயில் பாதரசத்தையும் அதை ஒட்டிக் கந்தக அமிலத்தையும் நிரப்பி மின்சாரம் காட்டினால், இரண்டும் சந்திக்கும் விளிம்பு மெல்ல ஏறி இறங்கியது. எவ்வளவு சின்ன மின்சாரத்துக்கும் அசைந்தது. இதை வைத்து அவர் ஒரு மின்மானி செய்தார். பின்னாளில் வண்ணப் புகைப்படத்துக்காக நோபல் பரிசு பெற்றவர் இவர். தன்னுடைய பாதரசக் குழாய் ஒரு நாயின் பெயரோடு சேர்த்துப் பேசப்படப் போகிறது என்பது அவருக்கு அப்போது எப்படித் தெரியும்?

லண்டன் பாடிங்டனில் உள்ள செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் உடலியங்கியல் ஆசிரியராக இருந்தவர் ஆகஸ்டஸ் வாலர். வேடிக்கையான மனிதர். எதையும் நாடகம்போல மேடையேற்றிக் காட்டுவதில் ஆசை உள்ளவர். 1887-இல் அவர் லிப்மனின் மின்மானியை எடுத்து, அதன் கம்பிகளை ஒரு மனிதனின் நெஞ்சிலும் முதுகிலும் வைத்தார். பாதரச விளிம்பின் நிழலைப் பெரிதாக்கிப் புகைப்படத் தகட்டின்மேல் விழவைத்தார். விளிம்பு மேலும் கீழும் அசையும். அது கோடாக வேண்டுமானால் தகடு பக்கவாட்டில் சீராக நகர வேண்டும். அதற்கு அவர் பிடித்த வழி, தகட்டை ஒரு பொம்மை ரயில் வண்டியில் ஏற்றி ஓட்டுவது. ரயில் ஓடியது. தகட்டில் இரண்டு சின்ன மேடுகள் விழுந்தன. நெஞ்சைத் திறக்காமல் மனித இதயத்திலிருந்து எடுத்த முதல் கையெழுத்து அது.

கைகளையும் கால்களையும் உப்புத் தண்ணீர்ப் பாத்திரங்களில் விட்டாலே போதும், நெஞ்சைத் தொடவே வேண்டாம் என்பதையும் வாலர் கண்டுபிடித்தார். அதற்கு மிகப் பொறுமையான ஆள் ஒருவர் பின்னாளில் அவர் வீட்டிலேயே கிடைத்தார். பெயர் ஜிம்மி. அவருடைய புல்டாக். உப்புத் தண்ணீரில் பாதத்தை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்க ஜிம்மி பழகிக்கொண்டது. 1889-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உலகத்தின் முதல் உடலியங்கியல் மாநாடு கூடியபோது வாலர் தன் வித்தையை அங்கேயும் காட்டினார். கூட்டம் ரசித்தது. அந்தக் கூட்டத்தில் இருந்த 29 வயது டச்சுக்காரர் ஒருவர் மட்டும் ரசித்ததோடு நிற்கவில்லை.

வில்லம் ஐந்தோவன் பிறந்தது ஹாலந்தில் அல்ல; இன்றைய இந்தோனேசியாவில், ஜாவா தீவின் செமராங்கில். அப்பா ஒரு மருத்துவர். மகனுக்கு ஆறு வயதாக இருந்தபோது அவர் இறந்துபோனார். கைம்பெண்ணான அம்மா சில ஆண்டுகள் கழித்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஹாலந்துக்குக் கப்பலேறினார். படிப்பில் பையன் கெட்டி. 25 வயதில் லைடன் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கிவிட்டது. பாசலிலிருந்து திரும்பியவருக்கு வாலரின் கோடு மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த இரண்டு மேடுகள் உண்மையில் இதயம் போட்டவைதானா, அல்லது பாதரசம் போட்டவையா?

சந்தேகம் நியாயமானது. பாதரசம் கனமான திரவம். கச்சேரியில் எல்லோரும் கைதட்டி ஓய்ந்த பிறகு தனியாகத் தட்டுகிறவரைப் போல, மின்சாரம் ஏறி இறங்கிப் போன பிறகுதான் அது மெதுவாக எழும். போதாக்குறைக்கு லைடன் ஆய்வகத்துக்கு வெளியே கல் பாவிய தெரு. குதிரை வண்டி ஒன்று கடந்தால் போதும், பாதரசம் நடுங்கி எல்லாம் வீண். அதிர்வைத் தடுக்கத் தரையை ஆழமாகத் தோண்டிப் பெரிய கற்களைப் போட்டு நிரப்பிப் பார்த்தார் என்றுகூட அவரோடு பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். வண்டிகள் தோற்கவில்லை. கடைசியில் ஐந்தோவன் கணிதத்தைக் கையில் எடுத்தார். பாதரசம் எவ்வளவு பின்தங்குகிறது என்று கணக்கிட்டு, கோணலாக விழுந்த கோட்டிலிருந்து நிஜமான கோட்டைக் காகிதத்தில் வரைந்தார். இரண்டு மேடுகள் இருந்த இடத்தில் ஐந்து திருப்பங்கள் வந்தன. 1895-இல் அவற்றுக்குப் பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயர் வைத்தார். ஏ, பி, சி, டி ஏற்கெனவே பழைய கோட்டுக்குப் போய்விட்டது. வளைவின் புள்ளிகளைப் பி-யில் தொடங்குவது கணிதக்காரர்களின் பழக்கமும்கூட என்று வரலாறு எழுதுகிறவர்கள் காரணம் சொல்கிறார்கள். பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு நோயாளிக்கு ஒரு கோடு போட இத்தனை கணக்கு என்றால் எந்த மருத்துவமனை தாங்கும்?

பாதரசத்தைத் தூக்கி எறிய வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அதன் இடத்தில் எடையே இல்லாத ஒன்று வேண்டும். பலமான காந்தத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய இழையைத் தொங்கவிட்டு, அதில் இதயத்தின் மின்சாரத்தைச் செலுத்தினால் இழை பக்கவாட்டில் அசையும். இந்த யோசனையும் முழுக்கப் புதிது அல்ல. கிளெமான் ஆதேர் என்ற பிரெஞ்சுக்காரர், ஆகாய விமானம் கட்டிப் பறக்கப் பார்த்த அதே ஆதேர், கடலடித் தந்திக் கம்பியில் வரும் பலவீனமான சமிக்ஞையைப் பிடிக்க 1897-இலேயே இப்படி ஒரு கருவி செய்திருந்தார். தந்திக்கு அது போதும். இதயத்துக்குப் போதாது. ஐந்தோவனுக்குத் தேவைப்பட்ட இழையைச் செய்யக் கடைகளில் எந்தக் கம்பியும் இல்லை.

இந்த இடத்தில் கதைக்குள் ஒரு வில்லும் அம்பும் வருகின்றன. சார்ல்ஸ் பாய்ஸ் என்ற ஆங்கில இயற்பியலாளர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விளையாட்டான வழி கண்டுபிடித்திருந்தார். குவார்ட்ஸ் கல்லை உருக்க வேண்டும். உருகிய சொட்டை அம்பின் வாலில் ஒட்டவைத்து, அது ஆறுவதற்குள் அம்பை எய்ய வேண்டும். அம்பு அறையின் மறுகோடிக்குப் பாயும்போது பின்னால் கண்ணுக்கே தெரியாத ஒரு நூல் இழுபட்டு நிற்கும். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. லைடனிலும் அம்புகள் பறந்தன. கிடைத்த நூலுக்கு வெள்ளி முலாம் பூசி ஐந்தோவன் காந்தத்துக்கு நடுவே தொங்கவிட்டார். 1901-இல் கருவியைப் பற்றி முதல் கட்டுரை வெளியானது. நிழல் விழும் தகடு விநாடிக்கு 25 மில்லிமீட்டர் நகர வேண்டும், ஆயிரத்தில் ஒரு வோல்ட்டுக்குக் கோடு ஒரு சென்டிமீட்டர் எழ வேண்டும் என்று அளவுகளையும் அவரே வகுத்தார். தகட்டைக் கழுவிப் பார்த்தபோது பி, க்யூ, ஆர், எஸ், டி ஐந்தும் கணக்கில் போட்டபடியே வரிசையாக நின்றன. பாதரசத்தைப் பார்த்து அவர் போட்ட கணக்கு சரி.

வெற்றிதான். ஆனால் என்ன மாதிரி வெற்றி? அந்த இழையைக் கட்டிக் காக்கும் கருவியின் எடை 270 கிலோவுக்குக் குறையவில்லை. இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டது. காந்தம் சூடேறாமலிருக்க ஓயாமல் தண்ணீர் ஓட வேண்டும். இயக்க ஐந்து பேர். நோயாளிகள் இருந்ததோ ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்த மருத்துவமனையில். மூச்சு வாங்கும் இதய நோயாளியை வண்டியில் ஏற்றிக் கல் தெருவில் குலுக்கிக் கொண்டுவருவதா? கருவியை அங்கே தூக்கிப்போவதும் நடக்கிற காரியம் இல்லை.

அடுத்த இரவல் டெலிபோன் இலாகாவிடமிருந்து. மருத்துவமனையில் நோயாளியின் கைகளையும் காலையும் உப்புத் தண்ணீர்த் தொட்டிகளில் விட்டு, அங்கிருந்து டெலிபோன் கம்பி வழியாக இதயத்தின் மின்சாரத்தை ஆய்வகத்துக்கு அனுப்பினால் என்ன? 1905 மார்ச் 22-ஆம் தேதி அனுப்பிப் பார்த்தார்கள். முதல் ஆள் நோயாளி அல்ல, திடகாத்திரமான ஒரு மனிதர். ஆய்வகத்திலிருந்து மருத்துவமனைவரை சைக்கிள் மிதித்து வந்து, அந்த வேகத்தோடு தொட்டியில் கையை விட்டார். மறுமுனையில் கோட்டில் ஆர் வழக்கத்தைவிட உயரமாக நின்றது. சைக்கிள் மிதித்ததால்தான் என்று குறித்துக்கொண்டார்கள். உடம்பு ஓரிடத்தில், அதன் இதயக் கோடு இன்னோரிடத்தில். தொலைமருத்துவம் என்று இன்று சொல்லிக்கொள்வதன் பிள்ளையார் சுழி இதுதான் என்பேன். அடுத்த ஆண்டே வீங்கிய இதயம், தாளம் தப்பிய இதயம், மேலறைக்கும் கீழறைக்கும் தொடர்பு அறுந்த இதயம் என்று வகைவகையான கோடுகளை ஐந்தோவன் வெளியிட்டார். ஒரு மனிதனைத் தொடாமல், அவன் முகத்தையும் பார்க்காமல், அவனுடைய இதயத்தின் குறையைச் சொல்ல முடிந்தது. லண்டனில் இருந்த வாலருக்கோ அந்த நேரத்தில் வேறு தலைவலி.

1909-இல் ராயல் சொசைட்டியின் மாலை விருந்தில் வாலர் ஜிம்மியை மேடையேற்றினார். கனவான்களும் சீமாட்டிகளும் சூழ்ந்து நிற்க, ஜிம்மி பாதங்களை உப்புத் தண்ணீர் ஜாடிகளில் வைத்துக்கொண்டு நின்றது. படம் பத்திரிகையில் வந்தது. விலங்குகளை வதைப்பதற்கு எதிராக 1876-இலேயே சட்டம் போட்ட நாடு அது. விஷயம் நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டது. இது சட்டமீறல் இல்லையா என்று ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டார். உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் கிளாட்ஸ்டன் பதில் சொன்னார்: நாய் நின்றது கொஞ்சம் உப்புப் போட்ட தண்ணீரில், கடலில் கால் நனைத்தவர்களுக்கு அந்த அனுபவம் புரியும், நாயைக் கட்டவில்லை, வாயையும் மூடவில்லை, வலித்திருந்தால் பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் முதலில் வலி தெரிந்திருக்கும். சபை சிரித்தது. மருத்துவ வரலாற்றில் நாடாளுமன்றக் குறிப்பேட்டில் இடம்பிடித்த புல்டாக் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. இவ்வளவு செய்த வாலருக்கே தன் வித்தையில் நம்பிக்கை இல்லை என்பதுதான் வேடிக்கை. இது மருத்துவமனைகளில் பெரிதாகப் புழங்கும் என்று தோன்றவில்லை, எப்போதாவது ஓர் அபூர்வ நோயைப் பதிய உதவலாம் என்று 1911-இல் அவர் சொன்னார். அந்தச் சமயத்தில் லண்டனிலேயே இன்னொருவர் அதை மறுக்கும் வேலையில் இறங்கியிருந்தார்.

கருவியைச் செய்து விற்க ஐந்தோவன் முதலில் சேர்ந்தது மியூனிக்கின் எடல்மான் கம்பெனியோடு. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தொகை தருவதாகப் பேச்சு. கொஞ்ச நாள் தந்தார்கள். பிறகு, இழை யோசனை ஆதேருடையது, காந்தம் எங்களுடையது என்று கையை விரித்துவிட்டார்கள். மனம் கசந்த ஐந்தோவன் இங்கிலாந்துப் பக்கம் திரும்பினார். கேம்பிரிட்ஜ் அறிவியல் கருவிக் கம்பெனியை நடத்தியவர் ஹோரஸ் டார்வின். பரிணாமக் கொள்கை டார்வினின் மகன். அவர்கள் கருவியைச் சுருக்கி மேஜையளவுக்குக் கொண்டுவந்தார்கள். லண்டனில் ஐந்தோவனின் கருவியை உபயோகித்த தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர், நாடி தாறுமாறாகத் துடிக்கும் நோயாளிகளைப் பிடித்துக்கொண்டார். அதுவரை அந்த நாடிக்குக் காரணம் யாருக்கும் உறுதியாகப் பிடிபடவில்லை. கோட்டில் பி மேடு காணாமல்போய், அந்த இடத்தில் புழு நெளிவதுபோல ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. இதயத்தின் மேலறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன என்றார் லூயிஸ். நம்ப மறுத்தவர்களுக்காக, இதே கோளாறு உள்ள ஒரு குதிரையைத் தேடிப்பிடித்துக் கோடு எடுத்து, நெஞ்சைத் திறந்தும் பார்த்தார். மேலறை நடுங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் இன்று யாரும் முதலில் பயப்படுகிற நோய் அப்போது கணக்கிலேயே இல்லை. மாரடைப்பு வந்தால் ஆள் அங்கேயே செத்துவிடுவார், அது பிணத்தில் மட்டும் காணக்கூடிய நோய் என்றுதான் அன்றைய நம்பிக்கை. 1912-இல் சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக், இல்லை, இதயத்துக்கு ரத்தம் தரும் குழாய் அடைத்துக்கொண்டும் மனிதர்கள் பிழைத்திருக்கிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் கட்டுரை வாசித்தார். அநேகமாக ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெடிக்காத பட்டாசு மாதிரி ஆகிவிட்டதாக அவரே பின்னால் வருத்தப்பட்டார். சொன்னதை நிரூபிக்க அவர் கடைசியில் போய் நின்ற இடமும் ஐந்தோவனின் கோடுதான். அவருடைய சக மருத்துவர் ஒருவர் நாய்களின் இதயக் குழாயைக் கட்டி, கோடு எப்படி மாறுகிறது என்று பார்த்தார். 1920-இல் நியூயார்க்கின் ஹாரல்ட் பார்டி, மாரடைப்பு வந்த மனிதரிடமும் அதே மாற்றத்தைக் கண்டார். எஸ் முடிந்து டி தொடங்கும் முன்பு தரையோடு தரையாக ஓட வேண்டிய கோடு, மேலே தூக்கிக்கொண்டு நின்றது. எஸ்.டி. ஏறியிருக்கு என்று டாக்டர்கள் இன்றும் பதறுகிறார்களே, அந்த ஏற்றம்தான்.

1924-இல் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு. அப்போது அவர் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தார். செய்தித்தாளில் படித்துவிட்டு, நிருபர் தப்பாக எழுதியிருப்பார் என்று நினைத்தாராம். பரிசு வந்தபோது இன்னொரு கணக்கையும் தீர்த்தார் என்று சொல்வார்கள். இழையையும் காந்தத்தையும் வருஷக்கணக்கில் தன்னோடு நின்று செய்த தொழிலாளி இறந்துபோயிருந்தார். அவருடைய சகோதரிகள் இருவர் தர்மவிடுதியில் இருப்பதை விசாரித்தறிந்து, பரிசுப் பணத்தில் பாதியை அவர்களுக்குக் கொடுத்தாராம். வாலரோ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1922-இல், காலமாகிவிட்டார். இறந்தவர்களுக்கு நோபல் இல்லை.

அதன்பிறகு கருவி இளைத்துக்கொண்டே வந்தது. உப்புத் தண்ணீர்த் தொட்டிகள் போய் உலோகப் பட்டைகள் வந்தன. இழை போய், ரேடியோவிலிருந்து இரவல் வாங்கிய வால்வுகள் வந்தன. 1920-களின் முடிவில் கார் பேட்டரியில் ஓடும் பெட்டியாகத் தூக்கிச் செல்கிற அளவுக்கு வந்துவிட்டது. 1938-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் சங்கங்கள் கூடிப் பேசி நெஞ்சில் ஆறு இடங்களைக் குறித்தன. 1942-இல் கோல்ட்பெர்கர் என்பவர், கைகால் கம்பிகள் இதயத்தைப் பார்க்கும் கோணங்களை மூன்றிலிருந்து ஆறாக்கினார். பன்னிரண்டு கோணம் முழுமையாயிற்று. படுக்க வைத்து, நெஞ்சில் ஜெல்லைத் தடவி, ஆறு ரப்பர் பல்புகளை ஒட்டி, கைகால்களில் கிளிப் மாட்டி, மூச்சை இழுத்துப் பிடிக்காம சாதாரணமா விடுங்க என்று சொல்லி, நூறு இருநூறு ரூபாய்க்குக் கையில் தருகிறார்களே, இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட அந்தக் காகிதம், அந்த ஈ.சி.ஜி.தான் இவ்வளவு நேரம் சொல்லிவந்தது. காகிதம் இன்றும் விநாடிக்கு 25 மில்லிமீட்டர்தான் ஓடுகிறது. ஆயிரத்தில் ஒரு வோல்ட்டுக்கு இன்றும் பத்துச் சின்னக் கட்டம்தான் எழுகிறது. அம்பு எய்த காலத்து அளவுகளை யாரும் மாற்றவில்லை.

ஆனால் ஈ.சி.ஜி. காட்டுவது இதயத்தின் மின்சாரத்தை மட்டும். வால்வு சரியாகத் திறக்கிறதா, ரத்தக் குழாய் எந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்பதை அது நேராகக் காட்டாது. ஈ.சி.ஜி. நார்மலாக வந்த கையோடு மாரடைப்பு வந்தவர்களும் உண்டு. உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். உயிருள்ள இதயத்துக்குள் எதையாவது விட்டால் அது நின்றுவிடும் என்று டாக்டர்கள் நடுங்கிய காலத்தில், அதைச் செய்து பார்க்க ஒரு பிடிவாதக்காரர் கிளம்பினார்.

1929, பெர்லினுக்குப் பக்கத்தில் எபர்ஸ்வால்டே என்ற சிற்றூர் மருத்துவமனை. வெர்னர் ஃபோர்ஸ்மான் அங்கே பயிற்சி மருத்துவர். பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் குதிரையின் கழுத்துச் சிரை வழியாக அதன் இதயத்துக்குள் குழாய் விட்டதைக் காட்டும் பழைய படம் ஒன்று அவர் மனத்தைவிட்டு அகலவில்லை. மனிதனுக்கும் செய்யலாம் என்றார். தலைமை மருத்துவர் தடுத்துவிட்டார். சாமான்களின் சாவி அறுவை அரங்கின் செவிலி கெர்டா டிட்சனிடம் இருந்தது. ஃபோர்ஸ்மான் நயமாகப் பேசிப் பேசி அவரைத் தன் பக்கம் இழுத்தார். என் உடம்பிலேயே செய்யுங்கள் என்று அந்த அம்மாள் முன்வந்தார். ஃபோர்ஸ்மான் அவரை மேஜையில் படுக்க வைத்து, கைகால்களை வாரால் கட்டினார். பிறகு அவர் கண்ணில் படாதபடி திரும்பி நின்று, தன் இடது கையிலேயே மரப்பு ஊசி போட்டுக் கீறினார்.

குழாய் 65 சென்டிமீட்டர் நீளம். சிறுநீர்ப் பாதைக்காகச் செய்தது. முழங்கை மடிப்புச் சிரையில் நுழைத்துத் தள்ளிக்கொண்டே போனார். கட்டவிழ்த்த செவிலிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது; ஆனாலும் உதவி செய்தார். கையில் குழாய் தொங்க, இருவரும் படியிறங்கி எக்ஸ்ரே அறைக்குப் போனார்கள். விஷயம் தெரிந்து ஓடிவந்த நண்பர் ஒருவர் குழாயைப் பிடுங்கப் பார்த்தார். அவரை உதைத்துத் தள்ளிவிட்டு, எக்ஸ்ரே திரையின் முன் கண்ணாடி பிடிக்கச் சொல்லி, அதில் பார்த்துக்கொண்டே ஃபோர்ஸ்மான் குழாயை முழுக்க உள்ளே தள்ளினார். நுனி இதயத்தின் வலது மேலறையில் நின்றது. இதயம் நிற்கவில்லை. எக்ஸ்ரே படம் எடுத்துக்கொண்டார்.

படம் வெளியானது. பாராட்டு வரும் என்று பார்த்தால், பெர்லினின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் சாவர்புரூக், இதை வைத்து சர்க்கஸில் சேரலாம், என் ஆஸ்பத்திரியில் அல்ல என்கிற தொனியில் விரட்டிவிட்டார். ஃபோர்ஸ்மான் இதயத்தைக் கைவிட்டுச் சிறுநீரக மருத்துவரானார். இரவல் வாங்கிய குழாய் அவரையே தன் துறைக்கு இழுத்துக்கொண்டுவிட்டது. 1932-இல் நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார். அவருடைய துணிச்சலைச் சொல்கிறவர்கள் இதை விட்டுவிடுவது சரியல்ல. போர், சிறை, ஒரு சின்ன ஊரில் வைத்தியம் என்று காலம் போயிற்று. கடலுக்கு அப்பால் நியூயார்க்கில் கூர்னான், ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் அவருடைய குழாயை எடுத்து வளர்த்துக்கொண்டிருந்தது தனிக் கதை. 1956-இல் மூவருக்கும் சேர்த்து நோபல் கிடைத்தபோது, சிறுநீரக மருத்துவர் ஒருவருக்கு இதயத்துக்காகப் பரிசா என்று ஊரே மூக்கில் விரல் வைத்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே ஸ்வீடனில் இன்னொரு இரவல் நடந்திருந்தது, இந்த முறை கப்பல் கட்டும் தளத்திலிருந்து.

லுண்ட் நகரின் இதய மருத்துவர் இங்கே எட்லர். வால்வு சுருங்கிய நோயாளிகளை அறுவைக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தால் அறுவையில் குணமாகும். சுருங்காமல் ஒழுகிக்கொண்டிருந்தால் அந்த அறுவையே ஆபத்து. எது என்று வெளியிலிருந்து உறுதியாகப் பிரித்தறிய வழியில்லை. ஹெல்முட் ஹெர்ட்ஸ் என்ற இளம் இயற்பியலாளரிடம், ரேடார் மாதிரி எதையாவது வைத்து இதயத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். ஹெர்ட்ஸுக்கு மால்மோ துறைமுகம் நினைவுக்கு வந்தது. அங்கே கப்பல் தகடுகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்க, காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கும் கருவி இருந்தது. சனி, ஞாயிறுக்கு அதை இரவல் வாங்கினார்கள். ஹெர்ட்ஸ் தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார். திரையில் ஒரு புள்ளி, இதயத் துடிப்போடு சேர்ந்து முன்னும் பின்னும் ஓடியது.

அப்பா குஸ்டாவ் ஹெர்ட்ஸ் நோபல் பெற்ற இயற்பியலாளர். அவர் மூலம் சீமென்ஸ் கம்பெனியில் அறிமுகம் இருந்தது. அவர்கள் ஒரு கருவி கொடுத்தார்கள். 1953 அக்டோபர் 29-ஆம் தேதி இதயத்தின் எதிரொலி முதன்முறையாகப் பதிவானது. ஆனால் பதிவில் ஆடுவது இதயத்தின் எந்தப் பாகம்? முதலில் இடது மேலறையின் சுவர் என்று நினைத்தார்கள். எட்லருக்கு உறுதி வரவில்லை. நோயாளி உயிரோடு இருந்தபோது எந்தத் திசையில் ஒலியை அனுப்பினாரோ, அவர் இறந்த பிறகு அதே திசையில் நெஞ்சில் ஐஸ் உடைக்கும் கூரான ஊசியைச் செருகி, பிணப் பரிசோதனையில் அது எதைத் துளைத்திருக்கிறது என்று பார்த்தார். துளைத்திருந்தது மைட்ரல் வால்வின் முன் இதழை. எந்தக் கதவைப் பார்க்க ஆசைப்பட்டாரோ அதைத்தான், தெரியாமலே, இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தார். எக்கோ எடுத்துட்டு வாங்க என்று எழுதிக் கொடுக்கும் சீட்டில் இருக்கும் எக்கோ இப்படித்தான் பிறந்தது.

மிச்சம் இருந்தது ரத்தக் குழாய். இதயத்துக்கே ரத்தம் தரும் அந்த மெல்லிய குழாய்களுக்குள் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்தினால் அடைப்பு தெரியும். ஆனால் நேரடியாகச் செலுத்தினால் இதயம் அதிர்ந்து நின்றுவிடும். அதை யாரும் தொடக்கூடாது என்பது எழுதாத சட்டம். 1958 அக்டோபர் 30, அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனை. மேசன் சோன்ஸ், 26 வயது நோயாளி ஒருவருக்குப் பெருநாடியில் மருந்து செலுத்திப் படம் எடுக்கும் வேலையில் இருந்தார். எக்ஸ்ரே கருவியைப் பார்ப்பதற்காக மேஜைக்குக் கீழே வெட்டிய குழிக்குள் அவர் நின்றிருந்தார். மேலே உதவியாளர் மருந்தை அழுத்தினார். குழியிலிருந்து பார்த்த சோன்ஸுக்கு ரத்தம் உறைந்தது. குழாயின் நுனி நழுவி, வலது இதயக் குழாயின் வாய்க்குள் போய் நின்றிருந்தது. 30 மில்லி மருந்து மொத்தமும் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

வெளியே இழு என்று கத்திக்கொண்டே சோன்ஸ் குழியிலிருந்து ஏறினார். ஈ.சி.ஜி. திரையில் கோடு படுத்துவிட்டது. நெஞ்சைப் பிளந்து இதயத்தைக் கையால் பிசைய வேண்டியதுதான் என்று கத்தியைத் தேடி எடுத்தார். எடுத்த கையோடு ஒன்று உறைத்தது. இதயம் துடிதுடித்து நிற்கவில்லை, சும்மா நின்றிருக்கிறது. நோயாளிக்கு இன்னும் நினைவு இருக்கிறது. இரும வைத்தால் மருந்து கழுவிக்கொண்டு போகலாம். இருமு, இருமு என்று கூவினார். நோயாளி இருமினார். மூன்று நான்கு இருமலில் கோடு எழுந்தது. இதயம் திரும்பி ஓடத் தொடங்கியது. செய்யவே கூடாது என்று எல்லோரும் சொன்ன காரியம் தற்செயலாக நடந்து முடிந்திருந்தது, ஆளும் பிழைத்திருந்தார்.

சோன்ஸ் அடுத்த சில நாட்களுக்கு அதையே நினைத்துக்கொண்டிருந்தார். 30 மில்லி போனபோதும் பிழைத்தார் என்றால், நான்கைந்து மில்லி போட்டால் ஒன்றும் ஆகாதே? குழியில் நிற்க நேர்ந்த பயத்திலிருந்து அவர் அந்த மெல்லிய குழாய்க்குள் போவதற்கென்றே நுனி வளைந்த ஒரு குழாயைச் செய்தார். ஆஞ்சியோ. இன்று மணிக்கட்டு வழியாக நுழைத்து அரைமணியில் முடித்து, மத்தியானம் சாப்பாடு போட்டு, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். துடிப்பு திடீரென்று குறைந்தால் உள்ளே இருக்கும் டாக்டர் நோயாளியிடம் இருமச் சொல்வதும் உண்டு.

எங்கே அடைப்பு என்று தெரிந்தபின் சும்மா இருக்க முடியுமா? அதே கிளீவ்லாந்தில் 1967-இல் அர்ஜென்டினாவிலிருந்து வந்த ரெனே ஃபவலோரோ, காலிலிருந்து சிரையை வெட்டியெடுத்து அடைப்பைச் சுற்றிப் புதுப் பாதை போட்டார். பத்து ஆண்டு கழித்து சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்ஸிக் அடைப்பையே உள்ளிருந்து ஊதி விரித்தார். அதற்கான பலூனை அவர் முதலில் செய்து பார்த்தது வீட்டுச் சமையலறை மேஜையில்.